தொற்றுக் காலத்தில் மின்வலிப்புச் சிகிச்சை: எங்கள் வீடு கற்றுக்கொண்டது

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி ஜொகூர் பாருவில் நடந்த சுகாதார நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





காலையிலிருந்து இனிப்புநீர், இருதயம், சிறுநீரகம் என்று டாக்டர்கள் பேசினார்கள். இப்போது மேடைக்கு வந்திருப்பது ஒயரும் சுவிட்சும் விற்கிற கடைக்காரக் குடும்பம். பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா, அதற்கு மேல் படிப்பு கிடையாது. 'நாங்கள்' என்று பேசுவது வீட்டையும் சேர்த்துத்தான். சொல்லப்போகிற தவறை வீடே சேர்ந்து செய்தது. செய்தியின் சொந்தக்காரர் எங்கள் பெரியத்தா. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லுங்கடா, எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது" என்று அனுமதி தந்த பிறகுதான் சங்கத்தில் தலைப்பைக் கொடுத்தோம்.

ஜொகூரில் வளர்ந்தவர்களுக்கு 'தம்போய்' என்ற சொல் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒருவன் கோணலாகப் பேசினால் "இவனைத் தம்போய்க்கு அனுப்பு" என்போம். பேராக்காரர்கள் இதையே 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பார்கள். அங்கே 1911-இல் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று பஹாகியா என்று பெயர், மகிழ்ச்சி என்று பொருள். இங்கே 1937-இல் தம்போயில் திறந்ததற்குப் பெர்மாய் என்று பெயர், அழகு என்று பொருள். பெயரை மாற்றினார்கள், கேலியை மாற்ற முடியவில்லை. தம்போய் மருத்துவமனைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1941 கடைசியில், ஜப்பானியர் வருவதற்கு முன், ஆஸ்திரேலியப் படையின் மருத்துவமனை ஒன்று அதன் கட்டடங்களில் இயங்கியது. 2020-இல் கோவிட் நோயாளிகளை அனுமதித்த ஜொகூர் மருத்துவமனைகளிலும் அது ஒன்று. ஊர் கேலி செய்யும் இடம், ஊருக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் கட்டிலைக் கொடுத்திருக்கிறது.

பெரியத்தாவுக்கு வருவோம். 2018-இல் பெரியம்மா மவுத்தானார். ஒரு வருடத்தில் அவர் பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டை, பிறகு படுக்கையை விட்டு எழுவதை. எங்கள் பூர்வீகம் இராமநாதபுரம் மாவட்டம். நம்மில் பலரைப்போல நாங்களும் முதலில் நினைத்தது ஏர்வாடியைத்தான். கூட்டிக்கொண்டு போனோம், மூன்று வாரம் இருந்தோம், ஆறு கிலோ குறைந்து திரும்பினார். தர்காவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. போன மன ஆறுதல் எங்களுக்கு இருந்தது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஊரில், தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதி தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. அதற்குப் பிறகு அங்கே துவாவோடு தவாவும், அதாவது மருந்தும், சேரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நாங்கள் துவாவோடு நின்றுவிட்டு, மருந்துக்கு வர அரை வருடம் எடுத்துக்கொண்டோம்.

டாக்டர் மின்வலிப்புச் சிகிச்சை என்றார். வீட்டுப் பெண்கள் அழுதார்கள். "கரண்டு வைக்கப் போறாங்களா?" பழைய சினிமாக்களில் பார்த்தது அவ்வளவுதான்: கட்டிலில் கட்டிவைத்து, கதாநாயகன் துடிப்பது.

எங்களுக்கு வேறு பயம். வாட்டர் ஹீட்டருக்கு நாங்கள் விற்கிற கசிவுத் தடுப்பு சுவிட்சு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினால் ஆள் போய்விடலாம் என்று படித்தவர்கள் நாங்கள். இந்தக் கருவியோ 800, 900 மில்லி ஆம்பியர் அனுப்புகிறது. எப்படித் தாங்கும்? விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒரு மில்லி செகண்டு, அல்லது அதிலும் பாதி நீளமுள்ள துடிப்புகளாக, சில வினாடிகள் மட்டும் போகிறது. பாதை தலையில் வைத்த இரண்டு தகடுகளுக்கு இடையில்தான், இருதயத்தின் வழியே இல்லை. நம் வீட்டு விபத்தில் மின்சாரம் கையில் ஏறிக் காலில் இறங்கும், வழியில் நெஞ்சு இருக்கும். வித்தியாசம் அங்கேதான்.

சினிமாவில் காட்டாத பகுதி முக்கியமானது. மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். தசைகளைத் தளரவைக்கும் மருந்தும் கொடுக்கிறார்கள். அதனால் வலிப்பு மூளையில் நடக்கிறது, உடம்பு பெரிதாகத் துடிப்பதில்லை. பல்லுக்கு இடையில் ஒரு அடைப்பு. வலிப்பு அரை நிமிடம், ஒரு நிமிடம், அவ்வளவுதான். வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை என்பது வழக்கம். தலைவலி வரும், சில நாள் ஞாபகம் குழம்பும், சில நினைவுகள் திரும்பாமலே போகலாம். ஒரு லட்சம் தடவை கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மரணம் என்பது உலக அளவில் கண்ட கணக்கு. பொது மயக்கம் கொடுத்துச் செய்யும் எந்தச் சிறு சிகிச்சைக்கும் அந்த அளவு ஆபத்து உண்டு. 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இருவர் தொடங்கிய சிகிச்சை இது. சாப்பிடாமல், குடிக்காமல், சாகவேண்டும் என்று கிடக்கிறவர்களுக்கு மருந்து மாத்திரையைவிட வேகமாக வேலை செய்வதால்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

பெரியத்தாவுக்குப் பத்துத் தடவை கொடுத்தார்கள். ஆறாவதற்குப் பிறகு ரொட்டி சானாய் கேட்டார். பிறகு, நோய் திரும்பாமலிருக்க, மாதம் ஒன்று. 2019 முடியும்போது கடையில் கல்லாவில் உட்கார்ந்தார்.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. முதல் நாள்தான் நாட்டின் முதல் இரண்டு கோவிட் மரணங்கள், அதில் ஒருவர் ஜொகூர்க்காரர். தம்பாக் அடைபட்டது, கடை அடைபட்டது. பெரியத்தாவின் அடுத்த தேதி மார்ச் கடைசி வாரத்தில். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது: எப்படி இருக்கிறார், வர முடியுமா, வருவதானால் முன்னால் சில கேள்விகள் கேட்கவேண்டும் என்றார்கள். நாங்கள் சொன்னோம், "நன்றாக இருக்கிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை, அவர்கள்மேல் ஒரு குறையும் கிடையாது. குறை எங்கள் வாயில். ஏன் அப்படிச் சொன்னோம்? தொற்று பயம் ஒன்று, அதை யாரும் மன்னிப்பார்கள். ஏர்கோன் சர்வீஸ் மாதிரி ஒரு மாதம் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு இன்னொன்று. மூன்றாவதை இப்போதுதான் வெளியே சொல்கிறோம். மாதாமாதம் அவரைக் காரில் ஏற்றும்போது எதிர்வீட்டுக்காரர் "எங்கே?" என்று கேட்பார், நாங்கள் "செக்கப்" என்போம். அந்தக் கேள்வி இனி இருக்காது என்று ஒரு நிம்மதி வந்தது. வெட்கமும் பயமும் ஒன்று சேர்ந்தால், கட்டுப்பாட்டு ஆணை நல்ல சாக்கு.

ஏப்ரல் தேதியையும் விட்டோம். ஏப்ரல் 24-இல் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசலில் கஞ்சியும் தராவீஹும் இல்லாத நோன்பு, எல்லாருக்கும் நினைவிருக்கும். பெரியத்தா ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீரோடு நோன்பு திறந்தார். "இந்த வயதிலும் என்ன பேணுதல்!" என்று பேசிக்கொண்டோம். அடுத்த வாரம் சஹருக்கு எழவில்லை. பகலில் சாப்பிடாதது நோன்பு, இரவில் சாப்பிடாதது நோய், அதைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. பதினைந்தாம் நோன்பு அன்று மக்ரிபுக்கு வாயில் வைத்த தண்ணீர் விழுங்காமல் தாடியில் வழிந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்கூட அசையவில்லை.

மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் பழைய அப்பாய்ன்மெண்ட் அட்டையையும் பின்சீட்டில் இருந்தவரையும் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையைக் காட்டி விட்டார்.

இங்கேதான் இன்றைய தலைப்பு. தொற்று பரவும் நாளில் இந்தச் சிகிச்சையை எப்படிக் கொடுப்பது? எங்கள் தங்கச்சி ஒருவர் வேறொரு மருத்துவமனையில் தாதி. பெரியத்தா உள்ளே இருந்த நாட்களில் இரவு போனில் அவர் விளக்கியதையும், பிறகு நாங்கள் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மின்சாரத்தால் கிருமி பரவாது. பரவுவது மூச்சால். தசை தளர்ந்தவர் சில நிமிடம் தானாக மூச்சு விடமாட்டார். அந்த நேரம் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, பையை அமுக்கி, மயக்க டாக்டர் ஆக்சிஜன் கொடுப்பார். சாதாரண நாளில் வேண்டுமென்றே வேகமாக அமுக்குவதும் உண்டு, வலிப்பு நன்றாக வரும் என்பதால். அப்படி அமுக்கும்போது மாஸ்க்கின் ஓரத்தில் கசியும் காற்றில், நோயாளிக்குத் தொற்று இருந்தால், கிருமியும் நுண்துளியாக வெளியே வரும். எழும்போது இருமல் வேறு. டாக்டரின் முகம் நோயாளியின் முகத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை.

ஆகவே மாற்றியதெல்லாம் மூச்சைச் சுற்றித்தான். தூங்க வைப்பதற்கு முன் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் நோயாளியே இழுத்து விடும்படி சுத்த ஆக்சிஜனைக் கொடுத்து நுரையீரலை நிரப்பிவிடுவார்கள். அந்த இருப்பு பல பேருக்கு வலிப்பு முடியும்வரை காணும். பையை அமுக்காமலே சமாளிக்கலாம். வயதானவர், உடம்பு பெருத்தவருக்கு இருப்பு சீக்கிரம் தீரும், அவர்களுக்கு மெதுவாக, சிறிதாக அமுக்குவார்கள். மாஸ்க்கை ஒருவர் இரண்டு கையாலும் கசியாமல் பிடிக்க, இன்னொருவர் பையைப் பார்ப்பார். மாஸ்க்குக்கும் பைக்கும் நடுவில் கிருமியைப் பிடிக்கும் வடிகட்டி. அறையில் தேவையான ஆட்கள் மட்டும், எல்லாரும் என்95 முகக்கவசம், முகத்தடுப்பு, அங்கி, கையுறையோடு. நோயாளி முகக்கவசத்தோடு வந்து, மயக்கத்துக்கு முன் கழற்றி, விழித்ததும் திரும்பப் போட்டுக்கொள்வார். வேகமாக அமுக்காததால் வலிப்பு குறைந்தால், மின்னளவையோ மயக்க மருந்தையோ டாக்டர் மாற்றுவார். ஒன்றை மாற்றினால் இன்னொன்றைச் சரிசெய்யவேண்டும், வயரிங் மாதிரிதான்.

அடுத்த நோயாளி உடனே வரமுடியாது. அறைக் காற்று மாறவேண்டும். மணிக்கு 12 தடவை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகளில் 99 விழுக்காடு கழிய ஏறத்தாழ 23 நிமிடம். 6 தடவைதான் மாறும் என்றால் 46 நிமிடம். எக்ஸாஸ்ட் பேன் விற்கும்போது வாடிக்கையாளரிடம் நாங்கள் ஒருநாளும் சொல்லாத கணக்கு. இதன் விளைவைப் பாருங்கள். முன்பு காலையில் எட்டுப் பேருக்குக் கொடுத்த இடத்தில் இப்போது மூன்று நான்கு பேருக்குத்தான் கொடுக்க முடியும். மயக்க டாக்டர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இழுக்கப்பட்டிருந்தார்கள். அப்போது யாருக்கு முதலில்? சாப்பிடாமல் கிடப்பவருக்கு, தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு, அசைவற்று உறைந்துபோனவருக்கு. பெரியத்தா மாதிரி மாதம் ஒருமுறை வருபவர்களின் இடைவெளியைக் கவனமாக நீட்டிப் பார்த்தார்கள், ஆனால் போனில் விசாரித்துக்கொண்டே. அந்த விசாரிப்புக்குத்தான் நாங்கள் பொய்ப் பதில் கொடுத்தோம். வரிசையை ஒழுங்கு செய்யும் டாக்டருக்கு வீட்டார் தரும் செய்திதான் அளவுகோல். தராசில் கையை வைத்தது நாங்கள்.

நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரைச் சொல்லவேண்டும். 1928-இல் தொடங்கி, உட்பிரிட்ஜ் என்று நம் பெரியவர்கள் அறிந்த மருத்துவமனைதான் இன்று புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகம். 2003-இல் சார்ஸ் நோய் அந்த நாட்டில் 238 பேரைப் பிடித்து 33 பேரைக் கொண்டுபோனது. அந்த அனுபவம் இருந்ததால் 2020-இல் உலகம் திகைத்து நின்றபோது, தொற்றுக் காலத்தில் இந்தச் சிகிச்சையை எப்படி நடத்துவது என்று முதலில் எழுதிக் காட்டியவர்களில் சிங்கப்பூர் மருத்துவர்களும் இருந்தார்கள். இந்தத் துறைக்கென்றே உள்ள ஆய்விதழில் அமெரிக்க மருத்துவர்களும் அதே ஆண்டில் எழுதினார்கள்: இது தள்ளிப்போடும் அழகுச் சிகிச்சை இல்லை, அத்தியாவசியம், நிறுத்தாதீர்கள் என்று.

ஒரு குறுக்குவழி யாருக்கும் தோன்றும். மயக்கம் கொடுப்பதால்தானே மூச்சுப் பிரச்சினை, மயக்கம் இல்லாமலே கொடுத்தால் என்ன? அது பழைய கொடுமைக்குத் திரும்புவது. எலும்பு முறியும், மனம் முறியும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தசைத் தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை கொடுப்பதையே தடைசெய்திருக்கிறது. தொற்று வந்தாலும் அந்தக் கதவு மூடியது மூடியதுதான்.

நம் நாட்டுச் சட்டத்தில் நீங்கள் தெரிந்திருக்கவேண்டியது வேறு. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி இந்தச் சிகிச்சைக்குச் சம்மதம் வேண்டும். நோயாளி சுயபுத்தியோடு முடிவெடுக்கக்கூடியவர் என்று மனநல நிபுணர் கண்டால் அவரே கையெழுத்திடுவார். முடியாத நிலையில் இருந்தால் உறவினர். உறவினரும் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு மனநல நிபுணர்கள் சேர்ந்து சம்மதம் தரலாம், அதில் ஒருவர் நோயாளியைப் பார்க்கும் டாக்டராக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்றால், பெரியத்தாவின் ஒரே மகன், எங்கள் அண்ணன், சிங்கப்பூரில் வேலை. மார்ச் 18-க்கு முன்னால் போனவர், தம்பாக்குக்கு அந்தப் பக்கம். ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம், அவருக்கு அது அன்று கடல். போனில் அழுதார், "எதுவானாலும் நீங்களே போடுங்கடா." அவர் இல்லாததால் உறவினர் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டோம். பேனாவைக்கூடக் கிருமிநாசினி தெளித்துத்தான் கொடுத்தார்கள்.

முதலில் மூக்கில் பஞ்சுக் குச்சி. முடிவு வரும்வரை தனியறை. முடிவு 'இல்லை' என்று வந்தது. வாசலோடு எங்களை நிறுத்திவிட்டார்கள், வீட்டிலிருந்து ஒருவர்கூட உள்ளே போகமுடியாது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. பேசாத மனிதர், விழித்துப் பார்த்தால் கண்ணாடிக் கவசத்துக்குள் யாரோ. தங்கச்சி ஒரு யோசனை சொன்னார். கடையில் அவர் கட்டும் கைலியையும், பெரியம்மாவின் பழைய தஸ்பீஹையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தாதியிடம் கொடுத்தோம். துடைத்துக் கொடுக்கிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது சிகிச்சைக்குப் பிறகு ஒரு தாதி வீடியோ கால் போட்டார். பெரியத்தா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "கடை திறந்திருக்கா?" என்றார். மே 24 நோன்புப் பெருநாள் அவருக்கு வார்டில் கழிந்தது. ஜூனில் வீட்டுக்கு வந்தார். அந்த நோன்பு மாதம் இன்றுவரை அவருக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் சொல்லித்தான் தெரியும். "களாச் செய்த நோன்பு எத்தனை என்று மட்டும் கணக்கு வைங்க" என்றார்.

அண்ணன் அத்தாவை நேரில் பார்த்தது 2021 நவம்பர் கடைசியில், தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி திறந்தபோது.

சங்கத்திடம் சில விண்ணப்பங்கள். நம்மிடம் ஜனாஸா வேன் இருக்கிறது, டயாலிசிஸ் நோயாளிகளைக் கூட்டிப்போகும் தொண்டர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மனநல மருத்துவமனைக்குப் போகவேண்டியவரும் சேரட்டும். மயக்கம் தெளிந்தவர் அன்று தானாக வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். தொற்றுக் காலத்தில் உறவினரே தனிமைப்படுத்தப்பட்டால் அந்த ஒருவருக்கு எங்கே போவது? வேன் பதிவேட்டில் நோயின் பெயர் எழுதும் கட்டம் வேண்டாம், நேரமும் இடமும் போதும். தொண்டர்களுக்கு ஒரு சின்ன விவரமும் தெரிந்திருக்கட்டும்: சிகிச்சைக்கு ஆறு மணி நேரம் முன்பிலிருந்து உணவு கூடாது, தண்ணீரும் கடைசி இரண்டு மணி நேரம் கூடாது, வழியில் பரிதாபப்பட்டு தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டால் அன்றைய முறை போய்விடும். சிரிக்காதீர்கள், எங்கள் மச்சான் வாங்கிக் கொடுத்தார், அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறவர்கள், அடுத்த தொற்று எப்போது வந்தாலும், மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை கவளம் சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன பேசினார். எங்களுக்கு அடுத்த வருட அலையில் மறுபடி போன் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கணக்குப் புத்தகத்தில் இவற்றை எழுதி வைத்திருந்தோம், அப்படியே வாசித்தோம். இரண்டு வாரம் தள்ளலாம் என்றார்கள், பதினைந்தாம் நாள் போனோம். எதிர்வீட்டுக்காரர் அன்றும் கேட்டார், எங்கே என்று. பெரியத்தாவே கார் கண்ணாடியை இறக்கி, "தலைக்குக் கரண்டு வைக்க" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு தட்டு லெம்பேங் கொண்டுவந்து கொடுத்தார்.

நேரம் முடிந்துவிட்டது என்று முன்வரிசையிலிருந்து பெரியத்தா கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் தேநீர் நேரத்தில் எங்களிடமும் கேட்கலாம், அவரிடமும் கேட்கலாம். அவரிடம் கேட்டால் கடைக்கும் வரச் சொல்லுவார்.